டார்ட்மூரில் கற்சிலுவை தேடிப் போவது எப்படி, கண்ட பிறகு எதைப் பார்ப்பது

டார்ட்மூருக்குச் சுற்றிப்பார்க்க வரும் நம் ஆட்கள் குட்டைக் குதிரைகளைப் படம் எடுப்பார்கள், பாறை உச்சியில் ஏறி நிற்பார்கள், போஸ்ட்பிரிட்ஜில் பழைய கல்பாலத்தின் மேல் நடப்பார்கள், ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். புல்வெளியில் தனியாக நிற்கும் கற்சிலுவையைக் கண்டால் ‘யார் கல்லறையோ பாவம்’ என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். அநேகமாக எதுவும் கல்லறை இல்லை. பாதை தெரியாத மேட்டில் வழிப்போக்கனுக்காக நட்ட கல் அது. ஒன்றைக் கண்டுபிடித்தால் அடுத்தது எங்கே என்று தேட வேண்டும். அப்படித் தேடினால்தான் அந்தக் கல்லுக்கு அர்த்தமே வரும்.

நான் பிளிமத்தில் குடியிருக்கிறேன். வாரக் கடைசியில் வெயில் அடித்தால் காரை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிடுவேன். அப்பா மேலூர்ப் பக்கம் அம்மி, உரல், ஆட்டுக்கல் கொத்திக் கொடுத்தவர். அதனால் எந்தக் கல்லைப் பார்த்தாலும் உளி எங்கே பட்டது, எந்தப் பக்கம் பிளந்தது என்றுதான் எனக்குக் கண் போகும். இந்தக் குறிப்பும் அந்தக் கண்ணோடு எழுதியதுதான். தேவாலய வரலாறு, சமயச் சின்னங்களின் பொருள் எல்லாம் தேடுபவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தென்மேற்கு இங்கிலாந்தில் டெவன் பகுதியில், 954 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் கருங்கல் மேடு டார்ட்மூர். 1951-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். நடுமேட்டில் மரம் குறைவு. புல், பாறை, சதுப்பு, மூடுபனி, அவ்வளவுதான். இதைச் சுற்றி அந்தக் காலத்தில் மூன்று பெரிய மடங்கள் இருந்தன. கிழக்கு ஓரத்தில் பக்ஃபாஸ்ட், 1018-இல் தொடங்கியது. மேற்கே அதைவிடப் பழைய டாவிஸ்டாக். தென்மேற்கே பக்லண்ட், 1278-இல் வந்தது. துறவிகள், கம்பளி ஏற்றிய பொதிக்குதிரைகள், வெள்ளீயம் தோண்டியவர்கள் எல்லோரும் இந்த மேட்டைக் குறுக்கே கடந்துதான் போக வேண்டும். பனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் இருப்பது தெரியாது. ஆகவே கல் நட்டார்கள்.

1539-இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடங்கள் கலைக்கப்பட்டன. அதன் பிறகு இந்தக் கற்களுக்குக் கேட்பாரில்லை. சிலவற்றைச் சமயச் சண்டையில் உடைத்தார்கள், சில தானாக விழுந்தன. நிறையக் கற்களை விவசாயிகள் தூக்கிக்கொண்டு போய் வயல் கேட்டுக்குத் தூணாக நட்டுக்கொண்டார்கள். 1883-இல் தொடங்கிய டார்ட்மூர் பாதுகாப்புச் சங்கமும் வேறு பலரும் விழுந்து கிடந்தவற்றைத் தேடி நிமிர்த்தினார்கள். இன்று மேட்டிலும் அதன் ஓரக் கிராமங்களிலும் சேர்த்து 100-க்கு மேற்பட்ட சிலுவைகள் இருக்கின்றன. எல்லாமே வழிகாட்டிகள் என்று சொல்ல முடியாது. ஊர்ச் சந்தியில் நின்றவை, எல்லைக் கல்லாக வைத்தவை, தேவாலய வாசலுக்குரியவை என்று கலந்துதான் இருக்கும்.

வரைபடம் இல்லாமல் போகாதீர்கள்

கைப்பேசி வரைபடம் சாலைக்குச் சரி, மேட்டுக்கு உதவாது. பல இடங்களில் சிக்னலே கிடையாது. ஆர்டனன்ஸ் சர்வே வெளியிடும் ஓஎல்28 என்ற காகித வரைபடத்தை வாங்குங்கள். இரண்டு பக்கமும் அச்சிட்டது. மொத்த டார்ட்மூரும் அதில் அடங்கிவிடும். அளவு 1:25,000, அதாவது காகிதத்தில் 4 சென்டிமீட்டர் என்றால் தரையில் 1 கிலோமீட்டர். அதில் பழம்பொருட்களின் பெயரை மட்டும் கொக்கி கொக்கியாக வளைந்த பழைய பாணி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்த எழுத்தில் ‘கிராஸ்’ என்று இருக்கும் இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். சாதாரண எழுத்தில் ‘கிராஸ்’ என்று இருந்தால் அது வெறும் நாற்சந்தியின் பெயராகவும் இருக்கலாம்.

வட்டமிட்ட பிறகு கொஞ்சம் எட்டி நின்று பாருங்கள். வட்டங்கள் சில இடங்களில் கோடாக ஓடும். அந்தக் கோடுதான் பழைய பாதை. தெற்கு மேட்டில் நன்ஸ் கிராஸ் என்ற சிலுவையிலிருந்து கிழக்கே ஹோன் கிராமத்தை நோக்கிப் போகும் வரிசை ரொம்பத் தெளிவாகத் தெரியும்.

இடத்தைக் குறிக்கும் எண்ணைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். நன்ஸ் கிராஸ் இருப்பது எஸ்எக்ஸ் 605 699. எஸ்எக்ஸ் என்பது வரைபடத்தின் பெரிய கட்டத்துக்குப் பெயர். முதல் மூன்று இலக்கம் இடமிருந்து வலமாக, அடுத்த மூன்று கீழிருந்து மேலாக. மாற்றிப் படித்தால் வேறெங்கோ போய் நிற்பீர்கள். ஆறு இலக்கம் உங்களை 100 மீட்டர் சதுரத்துக்குள் கொண்டுவந்துவிடும், அதற்குள் கண்ணால் தேட வேண்டியதுதான். வெயில் நாளில் இது விளையாட்டு. ஆகஸ்டில் பெரணிச்செடி இடுப்பு உயரம் வளர்ந்துவிடும். குட்டையான கல் அதற்குள் மறைந்துபோகும். என்னைக் கேட்டால் மார்ச், ஏப்ரல் மாதங்கள்தான் நல்லது. பெரணி காய்ந்து படுத்திருக்கும், சூரியனும் தாழ்வாக இருக்கும். தாழ்ந்த வெயில் எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

போவதற்கு முன் வீட்டிலிருந்தே ஒரு வேலை செய்துகொள்ளலாம். இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் தேசியப் பட்டியலை ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. சிலுவையின் பெயரைப் போட்டுத் தேடினால் உயரம், அகலம், எங்கே உடைந்தது, யார் ஒட்டினார்கள் என்று விவரமாக எழுதியிருப்பார்கள். சிலர் முதலில் கல்லைப் பார்த்துவிட்டு அப்புறம் படிப்பார்கள். நான் படித்துவிட்டுத்தான் போவேன். எந்த மூலையில் எழுத்து இருக்கிறது என்று தெரிந்தால் அல்லவா குனிந்து பார்க்கத் தோன்றும்.

உடுப்பும் சோறும்

முதல் நடை தொடங்கும் பிரின்ஸ்டவுன் ஊரே கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. பிளிமத்தில் சட்டையோடு நின்றவன் அங்கே இறங்கியதும் ஜாக்கெட்டைத் தேடுவான். மழைக்கோட்டு, கணுக்காலை மூடும் பூட்ஸ், மாற்றுக் காலுறை, டார்ச், திசைகாட்டி. டிசம்பரில் மாலை நாலேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விடும், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குப் புளியோதரையை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆறினாலும் ருசிக்கும், கை விறைத்தாலும் ஸ்பூனில் அள்ளிவிடலாம். குதிரைகள் மோப்பம் பிடித்துப் பக்கத்தில் வரும். ஒரு வாய்கூடக் கொடுக்காதீர்கள். அவை சாலையோரம் பழகிப்போய் வண்டியில் அடிபடுகின்றன, உணவு போடுவதற்குத் தடையும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டி இருந்த இடம் எல்லாம் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோய் அதனால்தான் வருகிறது.

கிளம்புவதற்கு முன் கைப்பேசியில் ‘ரெஜிஸ்டர்’ என்று ஆங்கிலத்தில் எழுதி 999-க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிப் பதிவு செய்துவையுங்கள். குரல் அழைப்புக்குச் சிக்னல் போதாத இடத்தில் அவசர உதவியைச் செய்தியாகவே கேட்கலாம். வழி தவறினால் போலீசைக் கேட்டு, மலை மீட்புக்குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

முதல் நடை: நன்ஸ் கிராஸ்

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். இன்னொரு பெயர் சிவார்ட்ஸ் கிராஸ். 1240-இல் மூன்றாம் ஹென்றி காலத்தில் டார்ட்மூர் அரசக் காட்டின் எல்லையைச் சுற்றிவந்து எழுதினார்கள். அந்த எல்லை விவரத்தில் இந்தச் சிலுவையின் பெயர் இருக்கிறது. அப்போதே அது பழைய கல். உயரம் 7 அடிக்கு மேல், ஏறத்தாழ 2.2 மீட்டர்.

பிரின்ஸ்டவுன் கார் நிறுத்தத்தில் வண்டியை விடுங்கள். பஸ்ஸும் உண்டு, ஆனால் குறைவு; நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ‘பிளூம் ஆஃப் ஃபெதர்ஸ்’ என்ற மதுக்கடைக்குப் பக்கத்திலிருந்து தெற்கே அகலமான கல் பாதை கிளம்பும். சவுத் ஹெசரி டார் என்ற பாறைக்குன்றைக் கடந்து நேராகப் போய்க்கொண்டே இருங்கள். போகும் தூரம் சுமார் 4 கிலோமீட்டர். பாதை தெளிவானது, பெரிய ஏற்றமில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்துவிடுவார்கள். போக வர, நின்று பார்க்க எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

வழியில் நிறையக் கற்கள் நின்றுகொண்டு உங்களை ஏமாற்றும். ‘பிசிடபிள்யூடபிள்யூ 1917’ என்று வெட்டியவை பிளிமத் மாநகராட்சி குடிநீர் நிலையத்தின் எல்லைக் கற்கள். பர்ரேட்டர் நீர்த்தேக்கத்துக்குத் தண்ணீர் வடியும் பரப்பைக் குறிக்க நட்டவை. மெரிவேல் பக்கம் போனால் ஒரு முகத்தில் ‘ஏ’, எதிர் முகத்தில் ‘டி’ என்று வெட்டிய கற்கள் இருக்கும். ஆஷ்பர்ட்டனுக்கும் டாவிஸ்டாக்குக்கும் இடையே வழிகாட்டியவை. இவையும் வழிக்கற்கள்தான், ஆனால் சிலுவைகளுக்கு ரொம்பப் பிந்தியவை. மடங்கள் போய் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே தடத்தில் மனிதர்கள் வழி தெரியாமல் திண்டாடியிருக்கிறார்கள் என்பதற்கு இவை சாட்சி.

சரி, நன்ஸ் கிராஸ் வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு பழைய பண்ணை வீடும், டெவன்போர்ட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோக 1790-களில் வெட்டிய வாய்க்காலும் இருக்கின்றன. வாய்க்கால் அங்கே மலைக்குள் சுரங்கமாக நுழைந்து மறுபக்கம் வெளிவரும். பிள்ளைகள் அதைப் பார்க்க ஓடுவார்கள். ஓடட்டும், நீங்கள் கல்லைச் சுற்றுங்கள்.

கல்லை எப்படிப் படிப்பது

முன்னால் நின்று பார்ப்பது பத்தாது. நான்கு பக்கமும் சுற்றி வாருங்கள். பிறகு குந்தி உட்கார்ந்து அடியைப் பாருங்கள். கடைசியில் கையால் தடவிப் பாருங்கள். தடவுவதில் தவறில்லை, மாடுகள் பல நூறு ஆண்டுகளாக அதில் முதுகு சொறிகின்றன. உண்மையில் மாடுதான் இந்தக் கற்களுக்குப் பெரிய எதிரி. சுற்றிச் சுற்றி வந்து சொறிவதால் அடிமண் கரைந்து குழியாகிவிடும், குழியில் மழைநீர் தேங்கும், கல் ஒரு பக்கம் சாயும். மேட்டில் சாய்ந்து நிற்கும் சிலுவையின் அடியைப் பார்த்தீர்களானால் பெரும்பாலும் இந்தக் குழி இருக்கும்.

கல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். இந்தச் சிலுவைகளுக்குக் குவாரி கிடையாது. மேட்டின் மேல் தானாகக் கிடந்த பாறைத் துண்டைப் பொறுக்கி எடுத்துச் செதுக்கியிருக்கிறார்கள். டார்ட்மூர்க் கருங்கல் பொடிக்கல் இல்லை, முரட்டுக் கல். வெள்ளையான ஃபெல்ஸ்பார் படிகங்கள் கட்டைவிரல் நீளத்துக்குக்கூடத் துருத்திக்கொண்டிருக்கும். இந்த மாதிரிக் கல்லில் நுணுக்கமான வேலை நிற்காது. உளி படிகத்தில் பட்டால் முழுப் படிகமும் தெறித்துவிடும். மேட்டுச் சிலுவைகள் மொத்தையாக, கை குட்டையாக, மூலை மழுங்கி இருப்பதைப் பார்த்துக் கொத்தன் கைத்திறன் குறைந்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கல்லுக்கு அதுதான் வரும்.

அடுத்து, பிளந்த அடையாளம். ஓரத்தில் நீள்சதுரமாக வரிசையாகப் பள்ளம் இருந்தால் ஆப்புக்குழி வெட்டிப் பிளந்தது என்று அர்த்தம். எங்கள் ஊர்ப் பாறைகளிலும் இதே குழியைப் பார்க்கலாம். பள்ளத்துக்குப் பதில் பாதி வட்டமாக, துரப்பணம் போட்ட துளை வரிசை இருந்தால் அந்த வெட்டு 1800-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ நடந்தது. டார்ட்மூரில் அந்தக் காலகட்டத்தில்தான் துளைபோட்டு உடைக்கும் முறை பரவியது. ‘இடைக்காலச் சிலுவை’ என்று யாராவது காட்டும் கல்லில் துளைத் தடம் இருந்தால், ஒன்று அது புதிய கல், இல்லையென்றால் யாரோ பின்னால் அதில் கை வைத்திருக்கிறார்கள்.

கேட்டுத் தூணாகப் போய்த் திரும்பி வந்த கல்லைக் கண்டுபிடிப்பது சுலபம். தண்டில் இடுப்பு உயரத்தில் ஒன்றோ இரண்டோ சிறு துளை இருக்கும். கீலை மாட்ட இரும்புக் கொக்கி இறக்கி ஈயம் ஊற்றிய இடம் அது. சிலவற்றில் ஒரு பக்கக் கை மட்டும் தட்டி எடுத்திருப்பார்கள். கேட்டு மோதாமல் சாத்த வேண்டுமே. இந்தத் துளைகளைப் பார்த்து வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. கேட்டுத் தூணாக நின்ற கல்தான் பிழைத்தது. வேலையற்றுக் கிடந்திருந்தால் உடைத்துச் சுவருக்குள் வைத்துக் கட்டியிருப்பார்கள்.

நன்ஸ் கிராஸின் தண்டில் இரும்புக் கவ்விகள் தெரியும். 1846-இல் மாடு தேடி வந்த இரண்டு இளைஞர்கள் தள்ளி உடைத்துவிட்டார்கள். பிறகு பக்கத்து ஷீப்ஸ்டர் கிராமத்துக் கல்தச்சர் ஒருவர் இரண்டு துண்டையும் பொருத்தி இரும்பால் கவ்விவிட்டார். அந்த வேலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உடைந்த கோடு தெளிவாகத் தெரிகிறது; மறைக்க எந்த முயற்சியும் இல்லை. கவ்வியைக் கல்லுக்குள் பதிக்கக் காடி வெட்டியிருக்கிறார். நூற்றெழுபது ஆண்டுக்கு மேல் இந்த மேட்டின் மழையிலும் காற்றிலும் அது பிடித்து நிற்கிறது. என் அப்பா பார்த்திருந்தால் சிலுவையை விட்டுவிட்டு அந்தக் காடியைத்தான் பேசியிருப்பார்.

எழுத்துக்கு வருவோம். நன்ஸ் கிராஸின் ஒரு முகத்தில் ‘சிவார்ட்’ என்ற பெயரும், எதிர் முகத்தில் ‘பாக் லாண்ட்’ என்று பொதுவாகப் படிக்கப்படும் எழுத்துகளும் இருக்கின்றன. பக்லண்ட் மடத்து நிலத்தின் எல்லை இங்கே வந்தது. நேர் வெயிலில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது, வெறும் சொரசொரப்புதான். காலையிலோ மாலையிலோ வெயில் கல்லின் முகத்தைப் பக்கவாட்டில் உரசிக்கொண்டு விழும்போது ஒவ்வொரு வெட்டிலும் நிழல் நிறைந்து எழுத்து எழும். தாழ்ந்த வெயில் வேண்டும் என்று சொன்னது இதற்குத்தான்.

வானம் மூடியிருந்தால் டார்ச் போதும். என் பையன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டி, வெளிச்சம் முகத்தின் மேல் படுத்து ஓடும்படி பிடிப்பான். நான் ஜாக்கெட்டை விரித்துப் பகல் வெளிச்சத்தை மறைப்பேன். விளக்கை மெல்ல இடம் மாற்றும்போது முதலில் நேர்க்கோடுகள் தெரியும், வளைவுகள் கடைசியில்தான் வரும். ஒரே கோணத்தில் வைத்தால் கிடையாக ஓடும் கோடுகள் ஏமாற்றிவிடும். மேலிருந்து, இடமிருந்து, வலமிருந்து என்று மூன்று கோணத்திலும் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு வீட்டில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சுண்ணாம்புக்கட்டியால் எழுத்தை நிரப்பிப் பார்க்க ஆசை வரும். கூடாது. கம்பித் தூரிகையும் கூடாது. கல்லின் மேல் சாம்பலும் மஞ்சளுமாக வட்டம் வட்டமாகப் படர்ந்திருக்கும் பாசிகள் நம் சமையலறைக் கல்பாசிக்குச் சொந்தக்காரர்கள்தான்; ஒரு வட்டம் கையகலம் வளர நமக்கு வயதாகிவிடும். சுரண்டினால் பாசியும் போகும், அதனோடு கல்லின் மேல்தோலும் போகும்.

எழுத்தை வைத்துக் காலத்தைச் சொல்வதில் நிதானம் வேண்டும். ஹாமல்டவுன் மலைமுதுகில் நிற்கும் சிலுவையில் ‘எச்.சி. 1854’ என்று வெட்டியிருக்கிறது, மறுபக்கம் ‘டி.எஸ்.’ கல் 1854-இல் செய்ததில்லை. சாமர்செட் பிரபு தன் நிலத்துக்கு எல்லை குறித்தபோது ஏற்கெனவே நின்ற பழைய சிலுவையில் எழுத்தைப் பொறித்துவிட்டார். பென்னட்ஸ் கிராஸிலும் இதே கதை. அதில் உள்ள ‘டபிள்யூ பி’ அங்கே முயல் வளர்த்த பண்ணையின் எல்லைக் குறி. சும்மா நிற்கும் கல்லைக் கண்டால் எல்லைக்காரனுக்குக் கை சும்மா இருக்காது போலிருக்கிறது.

அடுத்த கல்லுக்கு

நன்ஸ் கிராஸைப் பார்த்து முடித்தவர்களில் காலில் தெம்பும் கையில் வரைபடமும் உள்ளவர்கள் கிழக்கே போகலாம். பனி இருந்தால் வேண்டாம், இங்கேயே திரும்பிவிடுங்கள். ஏனென்றால் இடதுபக்கம், அதாவது வடக்கே, ஃபாக்ஸ்டர் மயர்ஸ் என்ற பெரிய சதுப்பு கிடக்கிறது. அதன் தெற்கு ஓரத்தை ஒட்டித்தான் பழைய தடம் போகிறது. பளிச்சென்று பச்சையாக, வெல்வெட் விரித்தது போலத் தெரியும் இடத்தில் காலை வைக்காதீர்கள். வெள்ளைப் பஞ்சுக்கொத்து ஆடும் புல் இருந்தாலும் அடியில் தண்ணீர்தான். கொஞ்சம் மேடேறிச் சுற்றிப் போனால் தூரம் கூடும், பரவாயில்லை.

வழியில் முதலில் கோல்ட்ஸ்மித்ஸ் கிராஸ். 1903-இல் கடற்படை அதிகாரி ஒருவர் கண்டெடுத்ததால் அவர் பெயரே வந்துவிட்டது. நன்ஸ் கிராஸிலிருந்து சுமார் 2 கிலோமீட்டரில் சைல்ட்ஸ் டூம், கல்மேட்டின் மேல் சிலுவை. இது ஒன்றுக்குத்தான் கல்லறைக் கதை உண்டு. சைல்ட் என்ற வேட்டைக்காரப் பிரபு பனிப்புயலில் மாட்டிக்கொண்டு, குதிரையைக் கொன்று வயிற்றுக்குள் புகுந்து குளிர் காய்ந்தானாம். பிழைக்க மாட்டோம் என்று தெரிந்ததும், தன்னைப் புதைப்பவருக்கே தன் நிலம் என்று ரத்தத்தால் எழுதிவைத்தானாம். டாவிஸ்டாக் துறவிகள் ஓடிவந்து உடலைத் தூக்கினார்கள், வழிமறிக்கக் காத்திருந்தவர்களைச் சுற்றிவிட்டு ஆற்றில் புதிதாகப் பாலம் போட்டுக் கடந்து நிலத்தை வாங்கிக்கொண்டார்கள். கதை கதைதான். ஆனால் அதைச் சொன்னவர்கள் இந்த மேட்டின் குளிரை அனுபவித்தவர்கள், துறவிகளின் நிலக்கணக்கையும் அறிந்தவர்கள். 1812-இல் பக்கத்தில் வீடு கட்ட இதன் கற்களை எடுத்துப்போய்விட்டார்கள். இன்று நிற்பது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திரும்பக் கட்டியது. அடியில் இருக்கும் கல்பெட்டி மட்டும் சைல்டுக்கும் துறவிகளுக்கும் வெகு முன்னால் வெண்கலக் காலத்தில் வைத்தது.

அங்கிருந்து நிமிர்ந்து கிழக்கே பார்த்தால் பழைய கல்சுவரின் மூலையில் மவுண்ட் மிசரி சிலுவை, அதைத் தாண்டி டெர் ஹில் மேல் இன்னும் இரண்டு. ஒரு கல்லிலிருந்து அடுத்தது எப்போதும் கண்ணுக்குத் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். நடுவில் காணாமல் போனவை இருக்கும். தெரியாத இடத்தில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு வரைபடக் கோட்டில் நடக்க வேண்டியதுதான். டெர் ஹில் வரை போனவர்கள் வந்த வழியே திரும்பும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நடக்க முடியாதவர்களுக்கு

வயதானவர்களைக் கூட்டிப்போனால் பென்னட்ஸ் கிராஸ். பி3212 சாலையில், போஸ்ட்பிரிட்ஜுக்கும் மோர்ட்டன்ஹாம்ஸ்டெட்டுக்கும் இடையில், சாலையிலிருந்து சில எட்டில் சாய்ந்து நிற்கும். கிட்டத்திலேயே வாரன் ஹவுஸ் இன். அங்கே கணப்பு நெருப்பு 1845 முதல் அணைந்ததில்லை என்று சொல்வார்கள். முயல்கறி பையும் கிடைக்கும். பிளிமத் பக்கமிருந்து வருபவர்களுக்கு மீவி கிராமம் இன்னும் வசதி. ஊர் நடுவில் பெரிய ஓக் மரத்தடியில் ஒரு சிலுவை, கொஞ்சம் தள்ளி ஆற்றுத்துறைப் பக்கம் 8 அடி உயரத்தில் மார்ச்சன்ட்ஸ் கிராஸ். மேட்டுச் சிலுவைகளில் உயரமானது அதுதான், கார் கதவைத் திறந்தாலே தெரியும்.

அரைமணி நடக்கலாம் என்றால் விண்டி போஸ்ட். டாவிஸ்டாக்கிலிருந்து ஏறும் பி3357 சாலையில் போர்க் ஹில் கார் நிறுத்தத்தில் இறங்கி வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு தென்கிழக்கே போனால் போதும். இதன் தண்டு எட்டுப் பட்டையாக இழைத்தது. மற்ற மேட்டுச் சிலுவைகளைப் பார்த்துவிட்டு இதற்கு வந்தால் கொத்தன் எவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருக்கிறான் என்பது புரியும். காலடியில் ஓடும் வாய்க்காலில், நடுவே வட்டத் துளை போட்ட ஒரு கல்லைப் பாருங்கள். அந்தத் துளை அளவுக்குத்தான் தண்ணீர் கிளைவாய்க்காலுக்குப் பிரியும். நம் ஊர் மடைக்கணக்குத்தான். எனக்கு எல்லாச் சிலுவைகளிலும் இந்த இடம்தான் பிடித்தது.

வடக்கு மேட்டில் ராணுவத்தின் சுடுதளங்கள் உண்டு. செங்கொடி ஏறியிருந்தால் உள்ளே போகக் கூடாது; சுடும் நாட்களை முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். மேலே சொன்ன இடங்கள் எதுவும் அதற்குள் வராது. 1985-இல் வந்த டார்ட்மூர் பொதுநிலச் சட்டத்தால் பொதுமேட்டில் யாரும் நடக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கேட்டைத் திறந்தால் சாத்துங்கள், திறந்தே இருந்தால் அப்படியே விடுங்கள். நாய் கொண்டுபோனால் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை குட்டையான கயிற்றில்தான். தரையில் முட்டையிடும் பறவைகளும் ஆட்டுக்குட்டிகளும் இருக்கும் காலம்.

இந்தச் சிலுவைகளில் பெரும்பாலானவை 1979-ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. சேதப்படுத்துவது குற்றம், அனுமதியின்றி உலோகம் தேடும் கருவியை எடுத்துப்போவதும் குற்றம். விழுந்து கிடக்கும் சிலுவையையோ, சுவரில் பதிந்த சிலுவைத் தலையையோ பார்த்தால் நிமிர்த்தவோ பெயர்க்கவோ முயலாதீர்கள். கிடக்கும் கோணம்கூட எப்படி விழுந்தது என்பதற்குத் தடயம். எட்டி நின்று ஒன்று, நெருங்கி நான்கு பக்கமும் ஒவ்வொன்று, பின்னணியில் குன்று தெரிய ஒன்று என்று படம் எடுத்து, எட்டு இலக்க இட எண்ணோடு டார்ட்மூர் தேசியப் பூங்கா அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். படத்தில் கல்லுக்குப் பக்கத்தில் கைத்தடியோ தண்ணீர்ப் பாட்டிலோ வையுங்கள், உயரம் கணக்கிட உதவும்.